சாக்கெட்டில் தொடங்க வேண்டிய பட்டியல்: பையும் மின் பாய்லரும் வைத்து 20 லிட்டர் பீர்

நண்பர் கொஞ்ச காலமாக மால்ட் எக்ஸ்ட்ராக்ட் வைத்து வீட்டில் பீர் காய்ச்சி வருகிறவர். பாகு மாதிரி இருக்கும் எக்ஸ்ட்ராக்டை வெந்நீரில் கரைத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவினால் வேலை முடிந்தது. அதில் அவருக்கு அலுப்பு தட்டிவிட்டது. மால்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, தானியமாகவே வாங்கி, அரைத்து, மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக்கிக் காய்ச்ச ஆசை. சாமான்களைத் தேர்ந்தெடுக்க என்னையும் கூட உட்காரச் சொன்னார்.

அவர் நிலைமை இது. வாடகை ஃபிளாட். காஸ் அடுப்பு கிடையாது, பால்கனியில் தீ மூட்டவும் கூடாது. சமையலறைச் சுவரில் 230 வோல்ட், 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று. ஒரு தடவை காய்ச்சினால் நொதிக்கவைக்கும் பாத்திரமான ஃபெர்மென்டருக்குள் 20 லிட்டர் போக வேண்டும். இதற்கு அரை நாளுக்கு மேல் ஒதுக்க முடியாது. (வீட்டில் பீர் காய்ச்ச அவர் ஊர்ச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் ஊரில் எப்படி என்பதைச் சாமான் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.)

அவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. முதல் வரியில் 30 லிட்டர் பாய்லர். அடுத்து வொர்ட்டை, அதாவது மால்டிலிருந்து இறங்கும் சாற்றை, சுழற்ற ஒரு பம்ப். அப்புறம் தொடுதிரை வைத்த கன்ட்ரோலர். மால்டைப் போட்டு ஊறவைக்கும் பை கடைசி வரியில், 'ஏதாவது ஒரு துணிப்பை' என்று. கடைசியில் வாங்கியது கிட்டத்தட்ட அதன் தலைகீழ்: நல்ல பை, 40 லிட்டர் பாய்லர், ஒரு கப்பி. பம்பும் கன்ட்ரோலரும் வாங்கவே இல்லை. ஏன் இப்படி ஆனது என்பதுதான் இந்தக் கதை.

பை முறையை ஆஸ்திரேலியாவில் வீட்டில் காய்ச்சுபவர்கள் 2000-களின் நடுவில் பரப்பினார்கள். பழைய வழியில் மூன்று பாத்திரம் வேண்டும்: வெந்நீருக்கு ஒன்று, மால்டை ஊறவைக்கும் மாஷுக்கு ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று. பை முறையில் எல்லாம் ஒரே பாத்திரம்தான். மொத்தத் தண்ணீரையும் அதில் சுடவைத்து, உள்ளே வலைப்பையை விரித்து, அரைத்த மால்டைக் கொட்டி, 65 முதல் 68 டிகிரி வரை ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அப்புறம் பையைத் தூக்கினால் தானியம் பையோடு வெளியே வந்துவிடும், இனிப்புச் சாறான வொர்ட் பாத்திரத்திலேயே நிற்கும். அதைக் கொதிக்கவைக்க வேண்டியதுதான். எல்லாமே ஒரே பாத்திரத்தில் நடப்பதால், அதன் கொள்ளளவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் சமாளிக்க இன்னொரு பாத்திரம் இருக்காது.

30 லிட்டரில் 20 லிட்டர் ஏன் அடங்காது

"30 லிட்டர் பாய்லர்ல 20 லிட்டர் பீர் வராதா என்ன? பத்து லிட்டர் மிச்சம் இருக்கேப்பா" என்றார். நியாயமான கேள்வி. கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார்த்தோம்.

ஃபெர்மென்டருக்குள் 20 லிட்டர். ஹாப்ஸ் சக்கையும் திரண்ட புரதமும் அடியில் தங்கும். அதோடு போகிற வொர்ட் 2 லிட்டர். ஆக, ஆறிய நிலையில் 22 லிட்டர் வேண்டும். கொதிநிலையிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது திரவம் சுமார் 4 சதவீதம் சுருங்கும், எனவே கொதி அடங்கும் நேரத்தில் 23 லிட்டர் இருக்க வேண்டும். ஒரு மணி நேரக் கொதியில் 3 லிட்டர் ஆவியாகும் என்று வைத்தால் கொதி தொடங்கும்போது 26. நடுத்தர வலிமையுள்ள பீருக்கு 5 கிலோ மால்ட் போடுகிறோம். பையை நன்றாகப் பிழிந்தாலும் கிலோவுக்கு 0.6 லிட்டர் தானியத்திலேயே தங்கிவிடும். அது 3 லிட்டர். ஆக, ஆரம்பத்தில் ஊற்ற வேண்டிய தண்ணீர் 29 லிட்டர்.

தண்ணீருக்கே பாய்லர் நிரம்பிவிட்டது, தானியம் இன்னும் வெளியே இருக்கிறது. ஒரு கிலோ மால்ட் தண்ணீருக்குள் போனால் சுமார் 0.67 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். 5 கிலோவுக்கு 3.3 லிட்டர். மாஷ் நேரத்தில் பாத்திரத்தில் இருப்பது 32 லிட்டருக்குச் சற்று மேல். கிளறும்போது அலையடிக்கவும், கொதி எழும்போது நுரை பொங்கவும் கொஞ்சம் இடம் வேண்டும். 40 லிட்டர் பாத்திரம் என்றால் நிம்மதி. 7 கிலோ போட்டு வலிமையான பீர் காய்ச்சினாலும் 35 லிட்டருக்குள் அடங்கிவிடும்.

30 லிட்டர் பாய்லர் ஏற்கெனவே வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆறேழு லிட்டர் தண்ணீரைத் தனியே எடுத்துவைத்து, குறைந்த தண்ணீரில் மாஷ் செய்து, தூக்கிய பையை ஒரு வாளியில் வைத்து அந்தத் தண்ணீரில் அலசி, அலசிய நீரைக் கொதிக்குச் சேர்க்கலாம். சர்க்கரையும் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும். ஆனால் வாளி ஒன்று கூடும், கழுவும் வேலை கூடும். புதிதாக வாங்குகிறவர் அந்த வம்பை எதற்கு விலைகொடுத்து வாங்க வேண்டும்?

வாட் கணக்கு

கொள்ளளவு முடிவானதும் சுவருக்கு வந்தோம். உண்மையில் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். சாக்கெட் தருவதற்கு மேல் எந்தப் பாய்லரும் சுடாது.

230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். அது உச்சம். மணிக்கணக்கில் இழுக்கும் சுமைக்கு அதில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம். 2900 வாட் சொச்சம் வரும். பாய்லர்கள் பெரும்பாலும் 1500, 2000, 2500, 3000 வாட்டில் கிடைக்கின்றன. 2500 எடுத்தால் சுமார் 11 ஆம்பியர். இடம் இருக்கிறது.

இது போதுமா? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.19 கிலோஜூல் வேண்டும். 29 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 69-க்கு ஏற்ற சுமார் 5340 கிலோஜூல். பாத்திரம் காற்றுக்கு விடும் சூட்டுக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 2500 வாட்டில் 40 நிமிடம், 1500 வாட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மாஷ் முடிந்து 26 லிட்டரை 65-லிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக முன்னதில் அரை மணி நேரம், பின்னதில் முக்கால் மணியும் தாண்டும். இரண்டையும் கூட்டினால் முக்கால் மணி நேர வித்தியாசம். அரை நாள்தான் இருக்கிறது என்றவருக்கு இது பெரிய விஷயம்.

நேரத்தை விடவும் கொதியின் வேகம் முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் ஆவியாக்க 630 வாட் செலவாகும். 3 லிட்டருக்கு 1900 வாட். பாத்திரத்தின் சுவரும் மேற்பரப்பும் இழக்கும் 400, 500 வாட்டைச் சேர்த்தால் 2400 பக்கம் வரும். 2500 வாட் பாய்லர் நன்றாகப் புரண்டு கொதிக்கும். 1500 வாட்டில் அதே 26 லிட்டர் சிணுங்கிக்கொண்டு நிற்கும். மூடியை முக்கால்வாசி போட்டால் சமாளிக்கலாம்தான். ஆனால் வெளிர் மால்டில், குறிப்பாகப் பில்ஸ்னர் மால்டில், சூட்டில் டைமெத்தில் சல்ஃபைடு உண்டாகும். அவித்த சோள வாடை அதனுடையது. ஆவியோடு போய்விடும் பொருள் அது. முழுதாக மூடிவைத்தால் வழிந்து திரும்ப உள்ளேயே விழும்.

120 வோல்ட், 15 ஆம்பியர் சாக்கெட் உள்ள வீட்டில் தொடர்ந்து இழுக்கக்கூடியது 1440 வாட்தான். அங்கே பாதி அளவாக, 10 லிட்டர் காய்ச்சத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை வைத்து 240 வோல்ட் இணைப்பு ஒன்று எடுக்க வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்கிற காரியமா என்ன?

எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுருட்டிவைத்த வயரில் 11 ஆம்பியர் இரண்டு மணி நேரம் ஓடினால் உறை இளகும். அந்த சாக்கெட்டின் பின்னால் வேறெந்தக் கருவி இருக்கிறது என்றும் பார்த்தோம். மின் ஓவனும் அதே சர்க்யூட்டில் இருந்தது. காய்ச்சும் நாளில் ஓவனுக்கு விடுமுறை. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும் ஆர்சிடி வீட்டுப் பலகையில் இருந்தது. இல்லாவிட்டால் அதுதான் பட்டியலின் முதல் வரியாக இருந்திருக்கும். கொதிக்கிற சர்க்கரைத் தண்ணீர், மின்சாரம், ஈரத் தரை மூன்றும் சேருகிற இடம் இது.

எந்தப் பாய்லர்

மூன்று வகை எதிரே இருந்தன.

முதலாவது, பம்பும் உலோகக் கூடையும் கன்ட்ரோலரும் சேர்ந்தே வரும் ஆல்-இன்-ஒன். கிரெயின்ஃபாதர், புரூஜில்லா மாதிரி. நல்ல கருவிகள், குறை சொல்ல மாட்டேன். துணிப்பை தேவையே இல்லை, கூடை இருக்கிறது. ஆனால் பம்பு, குழாய், கூடையின் சல்லடைத் தட்டுகள் என்று கழுவ நிறைய இருக்கிறது. காய்ச்சுகிற அன்றைக்குக் கடைசி ஒரு மணி நேரம் கழுவுவதில்தான் போகும்.

இரண்டாவது, பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் துளைபோட்டு எலிமென்ட் பொருத்துவது. வாட்டை நாமே முடிவுசெய்யலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் எலிமென்ட் திரவத்துக்குள் நேராக நிற்கும். வாட் எண்ணிக்கையோடு, அது எவ்வளவு பரப்பில் பரவியிருக்கிறது என்பதும் இங்கே முக்கியம். சாதாரண வாட்டர் ஹீட்டர் எலிமென்டில் சதுர சென்டிமீட்டருக்கு 20 வாட்டுக்கு மேல் வரும். தண்ணீருக்குப் பரவாயில்லை, வொர்ட்டில் கருகும். நீளமாக மடித்துச் செய்த, சதுர சென்டிமீட்டருக்கு 8 வாட் அளவிலானவைதான் பீருக்கு ஏற்றவை. கூடவே பை எலிமென்டைத் தொடாமலிருக்க ஒரு சல்லடைத் தட்டு, வயரிங் முனைக்கு நீர் புகாத உறை, கொதியைக் கூட்டிக் குறைக்க சாலிட் ஸ்டேட் ரிலே என்ற மின்னணு ஸ்விட்சும் அதன் சூட்டை வெளியேற்ற ஹீட்சிங்க்கும் வேண்டும். அந்த வகை ரிலே கெட்டால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் கையால் அணைக்கும் ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். கைவேலையில் பழக்கமுள்ளவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நண்பர் ஸ்க்ரூடிரைவரைக் கண்டாலே ஒதுங்குகிற ரகம்.

மூன்றாவது, விருந்துக் கூடங்களில் டீக்கு வெந்நீர் போடுகிற பெரிய பாய்லர். எலிமென்ட் அடித்தட்டுக்குக் கீழே மறைந்திருக்கும், உள்ளே வழவழப்பான எவர்சில்வர், துடைப்பது சுலபம். வீட்டில் எதையும் உடைக்க வேண்டியதில்லை, பிளக்கைச் செருகினால் போதும். இதுவே முடிவானது. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. இவற்றின் தெர்மோஸ்டாட் வெந்நீரைச் சூடாக வைத்திருக்கச் செய்தது, புரண்டு கொதிக்க வைக்க அல்ல. சிலவற்றில் கொதி வந்த சில நிமிடத்தில் துண்டித்து, சில டிகிரி இறங்கிய பிறகே மறுபடி உயிர்பெறும். ஒரு மணி நேரக் கொதி அதில் அரை மணிக் கொதியாகிவிடும். நண்பருக்குப் பிடித்திருந்த முதல் மாடல் இப்படித்தான் இருந்தது. வெறும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பார்த்ததில் தெரிந்துபோனது, திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவதாக எடுத்ததில் தொடர்கொதிக்குத் தனி நிலை இருந்தது. வொர்ட்டை ஊற்றுவதற்கு முன் இந்தத் தண்ணீர்ச் சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது. எவ்வளவு நேரத்தில் கொதி வருகிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் குறைகிறது என்ற இரண்டு எண்ணும் அதிலேயே கிடைத்துவிடும்.

குழாயையும் பார்த்தோம். டீ ஊற்றுகிற நெம்புகோல் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடிவதில்லை, உள்ளே ஹாப்ஸ் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் அரை அங்குல எவர்சில்வர் பால் வால்வு (ball valve) மாட்டக்கூடிய மாடல்தான் எடுத்தார்.

பையும் அரவையும்

'ஏதாவது ஒரு துணிப்பை' என்ற வரிக்கு வருவோம். சமையலறைப் பருத்தித் துணி சாற்றைக் குடித்துக்கொள்ளும், மாவு அடைத்து வடியாது, சில தடவையில் தையல் விடும். பாலியெஸ்டர் 'வாய்ல்' (voile) துணிதான் சரியானது. மெல்லிய ஜன்னல் திரைக்குப் போடுவார்களே, அதுவேதான். 200 முதல் 250 மைக்ரான் துளையுள்ள வலை. தைக்கிற நூலும் பாலியெஸ்டராக இருக்க வேண்டும்.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. பாத்திரத்தின் உட்புறம் முழுவதையும் மூடி, விளிம்பில் மடிந்து, வெளியே கிளிப் போடும் அளவுக்குப் பை பெரிதாக இருக்க வேண்டும். சின்னப் பையில் தானியம் இட்லி மாவு மாதிரி இறுகி, நடுவில் உலர்ந்த கட்டிகள் நிற்கும். அங்கே மாவுச்சத்து சர்க்கரையாகாது. நண்பர் வாங்கிய பையில் கைப்பிடிப் பட்டை அடிவழியாகக் குறுக்கே போய் மறுபக்கம் ஏறியது. இது சின்ன விஷயம் இல்லை. பட்டை விளிம்பில் மட்டும் தைத்திருந்தால் மொத்த எடையையும் பக்கத் தையல்தான் தாங்க வேண்டும். 5 கிலோ மால்ட் ஊறி, சாறு சொட்டச் சொட்டத் தூக்கும் அந்தக் கணத்தில் பத்து கிலோவைத் தாண்டும், 65 டிகிரிச் சூட்டில்.

கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. வாடகை வீடு, கூரையில் கொக்கி அடிக்க அனுமதி இல்லை. பாய்லரை ஒரு தாழ்ந்த உறுதியான முக்காலியில் வைத்து, மேலே மடக்கு ஏணியை விரித்து, அதன் உச்சிப் படியில் பூட்டு உள்ள கப்பியைத் தொங்கவிட்டோம். முக்காலியின் உயரம் ஒரு பேரம். பையைத் தூக்கப் பாய்லர் தாழ இருக்க வேண்டும், குழாயிலிருந்து ஃபெர்மென்டருக்குத் தானாக இறங்க உயர இருக்க வேண்டும். முழங்கால் உயரம் இரண்டுக்கும் ஒத்துவந்தது.

பையைப் பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்று ஒரு பயம் உலவுகிறது. துவர்ப்பை இழுப்பது அதிகச் சூடும் உயர்ந்த பிஹெச்சும்தான், கை அழுத்தம் அல்ல. தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தைரியமாகப் பிழியலாம்.

அரவையில்தான் உண்மையான சிக்கல் வந்தது. வலையே வடிகட்டி என்பதால் பை முறையில் நைசாக அரைக்கலாம் என்பார்கள், சரிதான். பழைய முறையில் அரவை இயந்திரத்தின் உருளை இடைவெளி 1.2 மில்லிமீட்டர் பக்கம் என்றால் இங்கே 0.9 வரை போகலாம். நண்பர் ஆசையில் 0.7-க்கு இறக்கினார். மாஷ் நன்றாக நடந்தது, பை மேலே வந்தது, கொதிக்குச் சூடேறிக்கொண்டிருந்தது. 90 டிகிரி தொட்டிருக்கும், பாய்லரின் விளக்கு சத்தமில்லாமல் அணைந்தது. சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறது, பிளக் சூடாக இல்லை, பாய்லர் மட்டும் செத்துக் கிடக்கிறது.

வொர்ட்டைக் குழாய் வழியே வாளியில் வடித்துவிட்டுப் பார்த்தால், அடித்தட்டில் எலிமென்ட் ஓடும் வட்டத்தின் மீது மட்டும் பழுப்பு நிறத்தில் வளையமாக ஒரு ஓடு. விரலால் தள்ளினால் அப்பளம் மாதிரி கிளம்பியது. வலை வழியே இறங்கிய நைஸ் மாவு அடியில் படிந்து, கஞ்சியாகி, கருகியிருக்கிறது. அந்த ஓடு சூட்டை மேலே விடவில்லை. தட்டு அளவுக்கு மீறிச் சுட, தண்ணீரில்லாமல் ஓடுவதாக நினைத்துப் பாதுகாப்பு ஸ்விட்ச் துண்டித்துவிட்டது. கருவி சரியாகத்தான் நடந்துகொண்டது.

இடைவெளியை 1.0-க்கு ஏற்றினார். பை அடித்தட்டில் ஒட்டாமலிருக்கக் கேக் ஆறவைக்கும் வட்டக் கம்பித் தட்டு ஒன்றை உள்ளே வைத்தார். மால்டைக் கொட்டும்போதும் மாஷ் நேரத்திலும் எலிமென்டை அணைத்துவிடுவது, பை மேலே வந்ததும் நீளக் கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறிவிட்டே மறுபடி போடுவது என்று ஆக்கிக்கொண்டார். அதன் பிறகு அது வரவில்லை. 5 கிலோ வெளிர் மால்டில் கிடைக்கக்கூடிய சர்க்கரையில் 70 சதவீதம் இறங்கினாலே 22 லிட்டருக்கு 1.048 அடர்த்தி வந்துவிடுகிறது. அடர்த்தியில் ஓரிரு புள்ளிக்காக மாவாக இடிப்பதில் அர்த்தமில்லை. கால் கிலோ மால்ட் கூடப் போட்டுக்கொள்ளலாம்.

மாஷில் எலிமென்டை அணைத்துவிட்டால் சூடு இறங்காதா? 30 லிட்டருக்கு மேலான திரவம் லேசில் ஆறாது. பழைய கம்பளியை இரண்டு சுற்றுச் சுற்றி மூடியைப் போட்டதில் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியது. பம்பும் கன்ட்ரோலரும் இதனால்தான் பட்டியலிலிருந்து விழுந்தன. பாய்லரின் முள் காட்டும் டிகிரியை மட்டும் நம்ப வேண்டாம், அது தட்டின் சூடு. நீளக் கம்பியுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை, கிளறிய பிறகு, நடுவில் விட்டுப் பார்க்க வேண்டும். 5 கிலோ அறை வெப்ப மால்டு 69 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் 66 வாக்கில் நிற்கும்.

ஆறவைக்க 12 மீட்டர் செப்புக் குழாய்ச் சுருள். கொதி முடிய பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே இறக்கினால் தானே சுத்தமாகிவிடும். தட்டுக் குளிர்விப்பான் வேகமானதுதான், ஆனால் பை முறை வொர்ட்டில் மண்டி அதிகம், அதன் சந்துகளில் போய் அடைக்கும். வேண்டாம் என்றேன். ஆவிக்கு ஜன்னல் பக்கம் பாய்லரைத் தள்ளி, அடுப்புக்கு மேலிருக்கும் உறிஞ்சு விசிறியை முழு வேகத்தில் விட்டார். 3 லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காற்றில் கலக்கிறது என்பதைச் சமையலறை ஓடுகள் வழிய ஆரம்பித்தபோதுதான் அவர் நம்பினார்.

பம்பு வாங்காமல் மிஞ்சிய பணத்தில் என்ன வாங்கலாம் என்று கேட்டார். நொதிக்கும்போது ஏல் வகை பீருக்கான ஈஸ்டை 18 முதல் 20 டிகிரிக்குள் வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜும் அதற்கு ஒரு தெர்மோஸ்டாட் பெட்டியும் என்றேன். மாஷில் ஒரு டிகிரி பிசகினால் நாக்குக்குத் தெரியாது. நொதிக்கும்போது 26-க்குப் போனால் முதல் மடக்கிலேயே தெரியும். ஃபிரிட்ஜ் கிடைத்துவிட்டது. 30 லிட்டர் ஃபெர்மென்டர் உள்ளே போக அதன் கீழ்க் கதவுத் தட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது, அதற்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்க என்னை வரச் சொல்லியிருக்கிறார்.